தகடு மாறிய வண்டி

புது வண்டி விற்பவன், இதை இதுவரை ஒரு கையும் தொட்டதில்லை என்று சொல்லி விற்பான். பழைய ராலிப் பந்தயக் கார் விற்பவன், யார் யார் தொட்டார்கள், எந்த மலையில் உருட்டினார்கள், உள்ளே யார் செத்தார்கள் என்று சொல்லி விற்பான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த வியாபாரத்தில் வண்டி இருக்க வேண்டும், ஓட்டியவன் இறந்திருக்க வேண்டும்; அப்போதுதான் ஆயிரம் பொன். வாய்க்காரர் இந்த நியாயத்தை ஒரு காலையில், ஒரு கன்னத்தை மழித்து முடித்து மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றபடி தெரிந்துகொண்டார்.

வாய்க்காரர் என்றதும் ஊர் வம்பெல்லாம் அளக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஒரு நாளில் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெயர் வைத்தது அவருடைய அண்ணன். ராலியில் ஓட்டுகிறவனுக்குக் கண்ணுக்கு எட்டிய பாதை மட்டும்தான் தெரியும். அதற்கு அப்பால் வருவது இடதா வலதா, எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் பக்கத்து இருக்கையில் இருப்பவன் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரவேண்டும். அதை நம்பித்தான் ஓட்டுகிறவன் புழுதிக்குள்ளும் மூடுபனிக்குள்ளும் காலை அழுத்துவான். "நான் கை, இவன் வாய்" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கை போய்விட்டது, வாய் மிஞ்சிவிட்டது. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

கை போனது ஒரு மலைப்பாதையில், ஓர் இடது வளைவில். வாய்க்காரர் வளைவைச் சொன்னார். அண்ணன் திருப்பினார். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியதை வாய்க்காரர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். வண்டி மட்டும் நேராகப் போயிற்று. பள்ளத்தில் அண்ணன் பக்கம் நசுங்கியது. தம்பி ஒரு காலை இழுத்து நடக்கும்படி பிழைத்தார்.

அதற்கு முந்தின பழுதுபார்ப்பு நிறுத்தத்தில்தான் அது நடந்தது. ஸ்டியரிங் பெட்டியை வண்டியின் உடம்போடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில் தகரம் வெடித்திருந்தது. வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்பிய கம்பெனியின் ஃபோர்மேன் அதன்மேல் அவசர அவசரமாக ஓர் ஒட்டுத் தகடு வைத்து வெல்டு அடித்தார். வாய்க்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். விசாரணையில் அதைச் சொன்னார். ஃபோர்மேன், அப்படி எந்த வெல்டும் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் குறையே கிடையாது என்று சத்தியம் செய்தார். சரி, வண்டியையே பார்த்துவிடலாம் என்றால், அதற்குள் கம்பெனி லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. வண்டியில் குறையில்லை என்று ஆனபிறகு குற்றவாளி இரண்டு பேரில் ஒருவர்தான்: திருப்பத் தெரியாத அண்ணன், அல்லது வளைவைச் சொல்லாமல் விட்ட தம்பி. செத்தவரைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

அண்ணிக்கும் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகு அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீ சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி. சரியான நேரத்துக்குச் சொன்னேன்."

"அப்ப, சொல்லியும் திருப்பத் தெரியாதவர்னு சொல்றியா உங்க அண்ணனை?"

வெல்டு, தகடு, லாரி என்று அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. அன்றிலிருந்து அண்ணி அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீடுதான், கீழே அவள், மாடியில் அவர். சமைத்துப் போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், காய்ச்சல் என்றால் மாத்திரையை மேசைமேல் வைத்தாள். பேச்சு மட்டும் காற்றுக்குப் போகும். "சாப்பிடறவங்க வந்து சாப்பிடலாம்" என்று சுவரிடம் சொல்வாள். "போறவங்க கதவைச் சாத்திட்டுப் போகலாம்" என்று அடுப்பிடம் சொல்வாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்து, பல் ஆடி, கண்ணாடி தடித்தது. 'தம்பி' என்ற சொல் மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

வாய்க்காரர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்து, அங்கேயும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கிளச்சையும் பிரேக்கையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்குப் பாடம் சொல்லியே ஓய்வுபெற்றார். அவருக்கு ஒரே ஒரு வினோதப் பழக்கம். வீட்டு மாடிப்படி பாதியில் இடது பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் வருவதற்கு முன்னால், "நூறில் இடது, கூர்மை, உள்ளே வெட்டாதே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் ஏறுவார். மலையில், வளைவுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது சொன்ன அதே வார்த்தைகள். தனக்காகச் சாட்சி சொல்ல வேறு நாதியில்லாததால் தானே தினமும் சாட்சி சொல்லிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடுவதற்குள் அண்ணி ஒரே ஒரு தடவை, 'ஆமா, நீ சொல்லித்தான் இருக்கே' என்று சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான்.

அன்று காலை கதவைத் தட்டியவர் ஒரு முதலாளி. பழைய பந்தய வண்டிகளைத் தேடிப் பிடித்து, புதுப்பித்து, அவற்றின் பூர்வோத்திரத்தோடு சேர்த்து விற்பது அவர் தொழில். ஆள் வருவதற்கு முன்னால் அவர் பூசியிருந்த வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"சார், உங்க அண்ணன் கடைசியா ஓட்டின வண்டி என்கிட்ட இருக்கு."

வாய்க்காரர் சவரக் கத்தியைக் கழுவாமலே கீழே வைத்தார். "அதெல்லாம் என்னைக்கோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்னு நினைச்சேன்."

"இல்ல சார். கம்பெனி அதைச் சரிபண்ணி வித்திருக்கு. கை மாறி மாறி, கடைசில ஒரு பண்ணைக் கொட்டகைல வைக்கோலுக்கு அடியில கிடந்தது. நம்பர் தகடு அப்படியே இருக்கு. உங்க கம்பெனி ஃபோர்மேனே வந்து பார்த்து, இதுதான்னு எழுதிக் கொடுத்துட்டார். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா சந்தேகப்படறவன் வாயை அடைச்சிடலாம். இந்தக் காலத்துல ஒரு வண்டியை ரெண்டா வெட்டி, ரெண்டையும் அசல்னு விக்கறான் சார். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"அடிப்பாகம்?"

"பக்கத் தகரம் மட்டும்தான் மாத்தினது. அடிப்பாகம் முழுக்க முழுக்க அசல் சார். பெயின்ட் அடிச்சதோட சரி, வேற கை வைக்கல."

அடிப்பாகம் அசல் என்றால் அந்த ஒட்டுத் தகடும் அங்கேதான் இருக்க வேண்டும். கிழிந்த வெல்டும் இருக்க வேண்டும். ஃபோர்மேன் நாக்கு பொய் சொல்லலாம், இரும்பு சொல்லாது என்று வாய்க்காரர் நம்பினார். இரும்போடு பழகியவர்களுக்கு இந்த மூடநம்பிக்கை உண்டு.

"கையெழுத்துப் போடறேன்," என்றார். "ஆனா வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டணும். எங்க அண்ணியும் அப்போ கூட இருக்கணும்."

முதலாளிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. செத்தவரின் மனைவியே வந்து வண்டியைத் தொடுவதென்றால் அதைவிடப் பெரிய விளம்பரம் எங்கே கிடைக்கும்? "அம்மாவுக்கு நானே கார் அனுப்பறேன் சார்," என்று கை கூப்பினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை வாய்க்காரர் பாதி முகத்து நுரை காய்வதற்குள் செய்து முடித்துவிட்டார்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி போன பிறகு கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி பார்க்கக் கூப்பிடறவங்க கூப்பிட்டா, வர்றவங்க வருவாங்க."

அவர் அன்று இரண்டு கன்னத்தையும் இன்னொரு முறை மழித்துக்கொண்டார்.

குறித்த நாளில் வாய்க்காரர் முன்னதாகவே பட்டறைக்குப் போய்விட்டார். நீளமான தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் பெயின்ட் தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. சுவரோரம் கதவுகள், பானெட்டுகள், கண்ணாடியில்லாத சட்டங்கள் எல்லாம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கதவு எந்த வண்டியுடையது என்று சாக்கட்டியில் எழுதி, அடித்து, வேறு எழுதியிருந்தார்கள். நடுவில், வண்டியை உயர்த்தும் தூக்கியின் மேல், வெளிர் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட வண்டி நின்றது. அதே நிறம், அதே கோடு, கதவில் அதே பந்தய எண். வாய்க்காரர் பானெட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். இருக்கையைப் பார்த்ததும் அண்ணன் உள்ளேயிருந்து, "ஏறுடா, உனக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?" என்று கேட்பார் போலிருந்தது.

முதலாளி ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி முனகிக்கொண்டே உயர்ந்தது. வாய்க்காரர் காலை இழுத்து அடியில் போய், கைவிளக்கை ஸ்டியரிங் பெட்டியருகே பிடித்தார்.

ஒட்டுத் தகடு இல்லை. விரிசல் இல்லை. தேய்த்து மறைத்த அடையாளமும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த வெல்டுப் புள்ளிகள் வரிசை கலையாமல் இருந்தன. அப்போதுதான் துடைத்த தரை மாதிரி சுத்தமான தகரம்.

இதுதான் அந்த வண்டி என்றால் வெல்டு கிடையாது. வெல்டு கிடையாது என்றால் ஸ்டியரிங்கில் குறையும் கிடையாது. அப்படியானால்? இத்தனை வருஷமும் படியேறும்போதெல்லாம் சொன்னது, சொல்லாததை மறைக்கத்தானா? மனம் ஒரு பொல்லாத சாமான். யாரும் கேட்காமல் தானே தனக்கெதிராக வாதாடும். ஒரு நிமிஷம் அவர் தன்னையே நம்பவில்லை.

அப்புறம்தான் அவருக்குக் குழாய் ஞாபகம் வந்தது. வாய்க்காரர் குட்டையான ஆள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் முன்னால் எட்டாது. வளைவுகளில் முட்டுக் கொடுக்க முடியாமல் உருளுவார். அண்ணன் கேலி செய்துகொண்டே தன் கையால் ஒரு குழாயைக் குறுக்கே வைத்துத் தரையோடு வெல்டு அடித்துக் கொடுத்திருந்தார். எங்கு வெல்டு அடித்தாலும் தகரத்தின் அடிப்புறம் கருகும். இந்த வண்டியில் அந்த இடம் கன்னம்போல வழவழவென்று இருந்தது.

"இங்க என் கால் முட்டுக் குழாய் இருந்தது," என்றார் முதலாளியிடம். "அதோட வெல்டுத் தடம் இல்லையே."

"அப்ப தரையை மாத்தியிருப்பாங்க சார்."

"அன்னைக்கு அடிப்பாகம் முழுக்க அசல்னீங்க."

"அசல்தான் சார். அசல் தரையையே போட்டு மாத்தியிருப்பாங்க." முதலாளி சிரிக்காமல் சொன்னார். ஒத்துப்போவதெல்லாம் அசல், ஒத்துப்போகாததெல்லாம் மாற்றியது. இந்தக் கணக்கில் உலகத்தில் எந்த வண்டியையும் எந்த வண்டி என்றும் சொல்லிவிடலாம். அம்மாவின் கார் எங்கே வருகிறது என்று பார்க்க அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூலையில், அடுக்கிவைத்த டயர்களின் மேல் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நட்டு, அதன்மேல் தாடையை வைத்திருந்தார். வந்ததிலிருந்து வாய்க்காரர் கண்ணை அவர் பார்க்கவில்லை.

"இது அது இல்ல, ஃபோர்மேன்."

கிழவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இல்லதான்," என்றார்.

இத்தனை லேசாக வரும் என்று வாய்க்காரர் எதிர்பார்க்கவில்லை.

"ஒரே கலர்ல மூணு வண்டி வச்சிருந்தோமே, மறந்துட்டியா? அந்த ராலி பக்கத்து நாட்டுக்கும் போச்சே, எல்லை தாண்டறதுக்கு ஒரே ஒரு நம்பருக்குத்தான் காகிதம் கைல இருந்தது. அந்த நம்பர் வண்டி இதுதான். கியர்பாக்ஸ் வந்து சேரல, கொட்டகைலயே நின்னுடுச்சு. இதோட தகடைக் கழட்டி, நீங்க ஒத்திகை ஓட்டிட்டிருந்த பழைய வண்டில அடிச்சு அனுப்பினோம். எல்லா கம்பெனியும் அப்படித்தான் பண்ணினான். எல்லைல நிக்கறவன் தகடைப் பார்ப்பான், தகரத்தையா பார்ப்பான்?"

"அந்தப் பழைய வண்டி?"

"அந்த வாரமே நசுக்கிப் போட்டாச்சு. தகடை மட்டும் கழட்டிட்டு வந்து மறுபடி இதுலயே அடிச்சேன். இடிச்ச வண்டியைச் சரிபண்ணிட்டோம்னு கம்பெனி சொல்லிக்கிச்சு. இது பாவம், அந்த மலையைக் கண்ணால பார்த்ததில்ல."

"வெல்டு?"

ஃபோர்மேன் ஊன்றுகோலைத் திருகிக்கொண்டே இருந்தார். "அடிச்சேன். ஒத்திகைல அடிபட்டு அடிபட்டு அந்தத் தகரம் அப்பளமா இருந்தது. நிக்காதுன்னு தெரியும். அனுப்புன்னு சொன்னாங்க, அனுப்பிட்டேன்."

வாய்க்காரருக்கு அந்தக் கிழவரை டயரோடு உருட்டி, தூக்கியின் அடியில் வைத்து வண்டியை இறக்கிவிடலாமா என்று வந்தது. ஆனால் கெஞ்சத்தான் செய்தார். "அண்ணி வந்துட்டிருக்காங்க. அவங்ககிட்ட இதை மட்டும் சொல்லிடுங்க. வேற யாருக்கும் தெரிய வேண்டாம். நான் கையெழுத்தும் போட்டுத் தரேன்."

"என்னன்னு சொல்றது? இதுதான்னு எழுதிக் கொடுத்திருக்கேன். இது இல்லன்னா, அன்னைக்கு விசாரணைல சொன்னதும் பொய்னு ஆகும். பேரன் பேத்தி எடுத்தவன் நான். இந்த வயசுல கொலைகாரன்னு பேர் வாங்கணுமா?"

"அந்தப் பேரை நான் வச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

"பழகியிருக்கும் உனக்கு," என்றார் ஃபோர்மேன். திமிராகச் சொல்லவில்லை, ஒரு யோசனை மாதிரிதான் சொன்னார். "நீயே சொல்லிப் பாரேன். தன்னைக் காப்பாத்திக்கறதுக்காக வண்டியையே இல்லங்கறான்னுதான் நினைப்பாங்க."

அந்த ஆள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட வாய்க்காரரால் தள்ள முடியவில்லை.

வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணி நல்ல துணி உடுத்து, தலையைப் படிய வாரி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. உயரத்தில் நின்ற வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்கம்மா," என்று முதலாளி குழைந்தார். "சார் அடிப்பாகத்தை உங்களுக்குக் காட்டச் சொன்னார். இப்படி வாங்க." வாய்க்காரர் கையிலிருந்த விளக்கை வாங்கி, அவரே ஸ்டியரிங் பெட்டிமேல் அடித்தார். "பாருங்க, ஒரு விரிசல் உண்டா? ஒரு வெல்டு உண்டா? பொறந்த குழந்தை மாதிரி இருக்கு. வண்டி மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. என்ன ஃபோர்மேன்?"

"அன்னைக்கே சொன்னேனே," என்றார் ஃபோர்மேன்.

அண்ணி வெகுநேரம் அந்தச் சுத்தமான தகரத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். தனக்கு எப்போதோ தெரிந்த ஒன்றை மறுபடி ஒருவர் சொல்லக் கேட்டது மாதிரி ஆட்டினாள். வாய்க்காரர் அதைப் பார்க்காமல் தரையில் சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்தார். காட்டச் சொன்னது அவர்தான்; யாரை நோவது?

வண்டி இறங்கியது. முதலாளி ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். அண்ணி தயங்கினாள். அண்ணன் இருந்தவரை அவளை ஒரு நாளும் பந்தய வண்டியில் ஏற்றியதில்லை. ராசி போய்விடும் என்பார். முதலில் இருக்கையைத் தொட்டுப் பார்த்து, பிறகு மெல்ல உட்கார்ந்தாள். "சார், நீங்களும் உங்க இடத்துல உக்காருங்க. ஒரு போட்டோ," என்று முதலாளி வாய்க்காரரை மறுபக்கம் ஏற்றினார். கதவு சாத்தப்பட்டதும் பட்டறைச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. அவர் கால் பழக்கதோஷத்தில் குழாயைத் தேடியது. வெறும் தரைதான் இருந்தது.

அண்ணி ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தாள். சமையல் சூடு பட்டுக் காய்ந்த கை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடித்தாள்.

"இங்கதான உக்காந்திருந்தார்," என்றாள்.

பிறகு அழுதாள். அண்ணனின் உடம்பு வீட்டுக்கு வந்தபோது பெட்டியை ஆணி அடித்து மூடித்தான் கொண்டுவந்தார்கள், முகத்தைக் காட்டவில்லை. அழுவதற்கு ஒரு பெட்டிதான் கிடைத்தது அவளுக்கு. இன்று ஓர் இருக்கை கிடைத்தது, பிடித்துக்கொள்ள ஒரு சக்கரம் கிடைத்தது. அத்தனை வருஷமும் அடக்கி வைத்ததை அந்த மலையையே பார்த்திராத வண்டிக்குள் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தாள். வாய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அழுகை வந்தது. எதற்காக அழுவது என்றுதான் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "இவங்க ஆயிரம் சொல்லட்டும். நீ சொல்லு. இதுதானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் கூடவே அதற்குப் பின்னால் வரப்போவதும் தெரிந்தது. அவள் கை சட்டென்று ஸ்டியரிங்கை விட்டுவிடும். இவ்வளவு நேரம் யாரோ ஒருத்தர் வண்டியில் உட்கார்ந்தா அழுதேன் என்று கூசிப்போய் இறங்குவாள். பிறகு, தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைப்பாள். 'தம்பி' மறுபடி சுவருக்குப் போய்விடும். அப்புறம் அது திரும்பி வருவதற்கு இரண்டு பேருக்குமே ஆயுசு கிடையாது.

"ஆமா அண்ணி," என்றார். "இதுதான்."

கண்ணாடிக்கு வெளியே ஃபோர்மேன் மூச்சை விட்டது தெரிந்தது. முதலாளி போட்டோ எடுத்தார், ஜன்னல் வழியாகவே காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். வாய்க்காரர் வாங்கி, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வாக்குக் கொடுத்தபடி எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வரும்போது இரண்டு பேரும் காரில் பின்னால் ஒன்றாக உட்கார்ந்து வந்தார்கள். அண்ணி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்தக் கடை இடிச்சுட்டாங்க பார்த்தியா என்றாள், உன் சட்டைக் காலர் நைந்துபோச்சு என்றாள். வாய்க்காரருக்கு ஒவ்வொன்றும் காதில் தேனாக விழுந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை. மனுஷன் அவ்வளவு காய்ந்து கிடந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு அவளே தட்டு வைத்து, அவளே பரிமாறி, எதிரில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிடும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் தம்பி சொல்லாம விட்டே?"

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு 'ஆமா' சொன்னால் அதோடு போகாது, அதற்கு வாலும் உண்டு என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. வண்டி அதுதான். வண்டியில் குறையில்லை. அண்ணனுக்கு ஓட்டத் தெரியும். மிச்சம் யார்? அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபம் பட்டறையிலேயே கரைந்துவிட்டது. இனி அவளுக்கு ஒரு காரணம் மட்டும் வேண்டும், மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வதற்கு. இல்லாத உதிரிபாகத்தைப் பட்டறைக்காரன் எப்படிச் செய்வானோ அப்படி அவரும் கையிலிருந்த தகரத்தை வெட்டி வளைத்து ஒன்று செய்தார்.

"கண் அசந்துட்டேன் அண்ணி. ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. ஒரு நொடிதான். நிமிர்ந்து பார்க்கறப்ப வளைவு வந்துடுச்சு."

அண்ணி பெருமூச்சு விட்டாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"அதான் நானும் நினைச்சேன். மனுஷன்தான, கண் அசராதா?" தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன் தம்பி. வண்டி மேல பழியைப் போட்டு, வெல்டு அது இதுன்னு கதை கட்டினே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. இத்தனை வருஷம் வீணாப் போச்சு."

"ஆமா," என்றார் அவர். "வீணாத்தான் போச்சு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவப் போனபோது அவள் பிடுங்கிக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது, இத்தனை வருஷமாக அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியம்.

"கதவைச் சாத்திட்டுப் போ தம்பி."

சாத்தினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினார். பாதியில் படி இடது பக்கம் திரும்பியது. அவரும் திரும்பினார், மேலே ஏறினார், தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த வளைவை அவர் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.